பர்மியமும் ஓரோமோவும்: வினை கடைசியில் வந்தால் உறவாகுமா?

அன்புள்ள ஐயா,

எத்தியோப்பியாவில், ஜிம்மாவில் நான்கு வருடமாக விரிவுரையாளராக இருக்கிறேன். மாணவர்களோடு பழகியதில் ஓரோமோ மொழி கொஞ்சம் பேச வந்துவிட்டது. என் அம்மாவின் அம்மா ரங்கூனில் பிறந்து 1964-இல் கப்பலேறி வந்தவர். இன்றும் வியாசர்பாடி வீட்டில் கோபம் வந்தால் பர்மிய மொழியில்தான் திட்டுவார். இரண்டு மொழியிலும் தமிழ் மாதிரியே வினை கடைசியில் வருகிறது. பர்மியத்தில் ‘கோ’ என்று ஒன்று பெயரோடு ஒட்டுகிறது, நம் ‘கு’ போலவே. மூன்றுக்கும் ஏதாவது பழைய உறவு இருக்குமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். பர்மியத்துக்கு அழகான வட்ட எழுத்து இருக்கிறது. ஓரோமோவையோ ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். சொந்த எழுத்து இல்லாதது ஒரு குறைதானே?

ஜிம்மாவிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உறவு இல்லை. வினை கடைசியில் வருவதுதான் உலக மொழிகளில் மிக அதிகமாகக் காணப்படும் வரிசை. ஜப்பானியத்தில் உண்டு, துருக்கியில் உண்டு. அதை வைத்து உறவு சொன்னால் பாதி உலகம் நமக்குப் பங்காளியாகிவிடும். ‘கோ’வும் அப்படித்தான். இந்தியிலும் ‘கோ’ இருக்கிறது, ஆனால் இந்தியும் பர்மியமும் ஒரு குடும்பமில்லை.

உறவைத் தேட வேண்டிய இடம் எண்ணுப்பெயர் போன்ற அடிப்படைச் சொற்கள். ஐந்துக்கு பர்மியத்தில் ‘ங்கா’. திபெத்தியத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான். உங்கள் மாணவர்கள் ஐந்தை ‘ஷன்’ என்பார்கள். பக்கத்து சோமாலியிலும் ‘ஷன்’. பர்மியம் திபெத்துக்கும் இன்னும் தள்ளிச் சீனத்துக்கும் சொந்தம். ஓரோமோ சோமாலிக்கும் அஃபாருக்கும் நெருங்கிய சொந்தம், அரபிக்குத் தூரத்துச் சொந்தம்.

சரி, வினை கடைசியில் என்ற ஒற்றுமையையும் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். ‘வந்த ஆள்’ என்பது பர்மியத்தில் ‘லா-தெ லூ’. சொல்லுக்குச் சொல் நம் வரிசை. ஓரோமோவில் ‘நம டுஃபெ’, அதாவது ஆள் முதலில், வந்தது பிறகு. ஆனால் வினையின் வாலைப் பார்த்தால் கட்சி மாறிவிடுகிறது. வந்தான், வந்தாள் என்று நாம் பிரிப்பதுபோல ஓரோமோ ‘டுஃபெ’, ‘டுஃப்தெ’ என்று பிரிக்கிறது. உங்கள் பாட்டிக்கு அந்தக் கவலையே கிடையாது. வந்தது நானோ அவனோ அவளோ, ‘லா-தெ’ போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஓரோமோவின் எழுவாய். தமிழில் எழுவாய்க்கு உருபு கிடையாது, செயப்படுபொருளுக்குத்தான் ‘ஐ’. ஓரோமோவில் தலைகீழ். பார்க்கப்படுகிற ஆள் வெறும் ‘நம’. அதே ஆள் எழுவாயாக வந்தால் ‘நம்னி’ என்று உருமாறுகிறான். நாம் இயல்பு என்று நினைப்பது நம் பழக்கம் மட்டும்தான் என்று இந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. ஒட்டுறவே இல்லாத மொழிகளை ஒப்பிடுவதில் எனக்குள்ள ஆசையும் இதனால்தான்.

இப்போது எழுத்து. இதில் உங்களோடு உடன்பட முடியவில்லை. ஓரோமோக்காரர்கள் சொந்த எழுத்துக்கு முயலாமல் இல்லை. 1956-இல் ஷேக் பக்ரி சபாலோ என்ற அறிஞர் தம் மொழிக்கென்றே ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார். அரசு அதைப் பரவ விடவில்லை. நாட்டில் மிகப் பெரிய இனத்தின் மொழி அது. ஆனாலும் பேரரசர் ஹைலே செலாசி ஆட்சியில் அதில் பள்ளிப் பாடம் நடத்தவோ அச்சிடவோ இடமில்லை. அதற்கும் முன்னால், 1899-இல், பைபிள் முழுவதும் ஓரோமோவில் அச்சானது. மொழிபெயர்த்த ஒனேசிமோஸ் நெசிப் சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு மீட்கப்பட்டவர். அவருக்குத் துணையிருந்த ஆஸ்தர் கன்னோவும் அடிமைத்தளையிலிருந்து மீண்ட பெண். லிம்மு நாட்டில் வளர்ந்தவர். லிம்மு உங்கள் ஜிம்மாவுக்குப் பக்கம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள்.

அந்த பைபிள் எத்தியோப்பிய எழுத்தில் இருந்தது. அந்த எழுத்தில் சிக்கல் என்னவென்றால் மெய் இரட்டிப்பது தெரியாது, குறில் நெடிலும் சரியாகப் பிரியாது. ஓரோமோவுக்கோ இரண்டும் உயிர்நாடி. ‘லஃப’ என்றால் நிலம், ‘லாஃபா’ என்றால் மென்மையானது. ‘படா’ கெட்டது, ‘பட்டா’ மேட்டுநிலம். கல்லையும் காலையும், கனியையும் கன்னியையும் ஒன்றாக எழுதச் சொன்னால் நாம் பொறுப்போமா? அதனால் 1991 நவம்பரில் ஓரோமோ அறிஞர்கள் கூடி, ‘குபே’ என்ற லத்தீன் எழுத்துமுறையை ஏற்றார்கள். நெடிலுக்கு உயிரெழுத்து இரண்டு, இரட்டிப்புக்கு மெய் இரண்டு. தொண்டையை அடைத்து வெடிக்கிற ‘த’வுக்கு, சும்மா கிடந்த எக்ஸை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அது ஆங்கில எழுத்தல்ல, ஓரோமோ எழுத்து. அரசு பயன்படுத்திவந்த எத்தியோப்பிய எழுத்து வேண்டாம் என்ற மனவலியும் அந்த முடிவில் இருந்தது. அதையும் நான் மதிக்கிறேன்.

பர்மியத்தின் வட்ட எழுத்து அழகுதான். 1113-ஐ ஒட்டிய மியாசேடிக் கல்வெட்டில் பாலி, மோன், பியூ மொழிகளோடு பர்மியமும் இருக்கிறது. ஆனால் அத்தனை வயதான எழுத்துக்கு ஒரு விலை உண்டு. பேச்சு நகர்ந்துவிட்டது, எழுத்து நின்ற இடத்திலேயே நிற்கிறது. நம் சென்னை பர்மா பஜாரில் விற்கும் நூடுல்ஸ் ‘அத்தோ’வையே எடுத்துக்கொள்ளுங்கள். பர்மியர்கள் அதை ‘அசுப்’ என்று எழுதுகிறார்கள். சொல்வதோ ஏறக்குறைய ‘அதோ’, முடிவில் மூச்சை டக்கென்று தொண்டையில் நிறுத்தி. எழுத்திலிருக்கும் ‘ப்’ அந்த நிறுத்தமாகத் தேய்ந்துவிட்டது. கப்பலில் வந்தபோது அந்த நிறுத்தமும் போய், நமக்கு அத்தோ மட்டும் மிஞ்சியது.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது பாட்டியை அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள். அறுபது வருடத்துக்குப் பிறகும் கடைசியில் அந்த நிறுத்தம் அவரிடம் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். முடிந்தால் செல்போனில் பதிவு செய்து அனுப்புங்கள், எனக்கும் கேட்க வேண்டும்.