மூன்று மாத்திரையும் ஒரே செரட்டோனினா?

கேள்வி: பதற்ற நோய்க்காக டாக்டர் செர்ட்ரலின் கொடுத்திருக்கிறார். பத்து நாளாகச் சாப்பிடுகிறேன். குமட்டல் தாங்க முடியாததால் ஆன்டன்செட்ரான் சேர்த்தார். ஒற்றைத் தலைவலிக்கு ஏற்கெனவே சுமட்ரிப்டான் வைத்திருக்கிறேன். மூன்றின் குறிப்புத்தாளிலும் செரட்டோனின் என்றே இருக்கிறது. ஒன்று கூட்டுகிறது, ஒன்று தடுக்கிறது என்றால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாதா? பதற்றமும் குறையவில்லை, கொஞ்சம் கூடியதுபோலத்தான் இருக்கிறது. நிறுத்திவிடலாமா? ரத்தத்தில் செரட்டோனின் அளவைப் பார்த்தால் ஏதாவது தெரியுமா?

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாக நிறுத்த வேண்டாம். பத்து நாளில் பலன் தெரியாதது வழக்கமானதுதான். ஆரம்பத்தில் பதற்றம் கொஞ்சம் ஏறுவதும் பலருக்கு நடப்பதுதான். ஆனால் உட்காரவே முடியாத தவிப்பு, தூக்கமே இல்லாத நிலை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் என்று எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது.

சரி, மூன்று மாத்திரை விஷயத்துக்கு வருவோம். செரட்டோனின் என்பது டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடல் செய்துகொள்ளும் மிகச் சிறிய மூலக்கூறு. 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று அதற்கு யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடில்லை. குடலை அசைப்பது, வாந்தி வரவைப்பது, ரத்தக் குழாயைச் சுருக்குவது எல்லாமே அதே மூலக்கூறின் வேலைதான். எந்த இடத்தில் எது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஏற்பி, அதாவது ரிசெப்டார். செரட்டோனினுக்கென்று ஏழு குடும்பங்களாக சுமார் 14 வகை ஏற்பிகள் உண்டு. உங்கள் மூன்று மாத்திரைகளும் சந்திக்கும் இடங்கள் வேறு வேறு.

ஏழு குடும்பங்களில் மூன்றாவது மட்டும் தனி ரகம். ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளையை விட்டிருக்கும். அடுத்தடுத்த இரு துண்டுகளுக்கு இடையே, செல்லுக்கு வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் செரட்டோனின் வந்து உட்கார்ந்ததும் துளை திறக்கும். சோடியம் உள்ளே பாயும், சில மில்லிநொடியில் நரம்பு தூண்டப்படும். இடையில் வேறு தரகர் யாரும் கிடையாது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் குடல் சுவர் முனைகளிலும், மூளைத்தண்டில் வாந்தியைக் கிளப்பும் பகுதியிலும் இவை நிறைய இருக்கின்றன. செர்ட்ரலின் தொடங்கியதும் குடலிலும் செரட்டோனின் கூடுவதால்தான் குமட்டல் வருகிறது. ஆன்டன்செட்ரான் இந்த ஏற்பியில் செரட்டோனின் உட்காரும் இடத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. மனநிலையில் பங்குள்ள 1ஏ, 2ஏ போன்ற ஏற்பிகளிடம் (எண் குடும்பத்தையும், எழுத்து அதிலுள்ள வகையையும் குறிக்கும்) வழக்கமான அளவில் அதற்கு வேலையே இல்லை. ஆகவே செர்ட்ரலினின் பலனை அது வெட்டிவிடாது. குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே அடங்கும், அதன்பின் இது தேவைப்படாமலும் போகலாம்.

மற்ற ஆறு குடும்பங்களின் அமைப்பு முற்றிலும் வேறு. ஒரே புரதச் சங்கிலி செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி உள்ளும் வெளியுமாகப் போய் வரும். அந்த ஏழு சுருள்களுக்கு நடுவே, சவ்வின் வெளிப்பக்கத்தை ஒட்டி ஒரு குழி. செரட்டோனினின் நேர்மின் முனை, மூன்றாவது சுருளிலுள்ள அஸ்பார்ட்டிக் அமிலத்தின் எதிர்மின்னோடு அங்கே பிணையும். அப்படிப் பிணைந்ததும் ஆறாவது சுருளின் அடிமுனை வெளிப்பக்கமாக விலகி, செல்லின் உள்பக்கம் ஒரு இடுக்கு திறக்கும். அங்கே, செய்தியைச் செல்லுக்குள் கொண்டுபோகும் ஜி புரதம் வந்து பொருந்தும். பொருந்தியதும் அது விழித்துக்கொண்டு இரண்டாகப் பிரியும், இரண்டு பகுதியும் தனித்தனி வேலைக்குக் கிளம்பும்.

அந்த ஜி புரதம் எந்த வகை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒன்றாம் குடும்பம் சைக்ளிக் ஏஎம்பி என்ற உள்தூதரைக் குறைத்து செல்லை அடக்கும். நான்கு, ஆறு, ஏழு அதே தூதரைக் கூட்டும். இரண்டாம் குடும்பம் வேறு வழியில் போய், செல்லின் உள்ளறைகளில் இருக்கும் கால்சியத்தை அவிழ்த்துவிடும். வெளியே வந்து நின்றது ஒரே செரட்டோனின்தான்; உள்ளே ஒரு செல் அடங்குகிறது, இன்னொன்று கிளர்கிறது.

சுமட்ரிப்டான் பிடிப்பது ஒன்றாம் குடும்பத்தின் 1பி, 1டி வகைகளை. 1பி தலையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். 1டி, முகத்துக்கும் மூளை உறைக்கும் போகும் முக்கிளை நரம்பின் முனைகளில் வலியைத் தூண்டும் பொருட்கள் வெளியேறாமல் தடுக்கும். 1பி இதயத் தமனிகளிலும் இருப்பதால்தான் மாரடைப்பு வந்தவர்களுக்கு இந்த மாத்திரை கூடாது.

இந்த ஏற்பிகளின் குழிகளுக்குள் வித்தியாசம் மிகக் குறைவு. 1பி, 2பி இரண்டின் முப்பரிமாண அமைப்பும் 2013இல் வெளியானபோது அது கண்கூடாகத் தெரிந்தது. அந்தச் சின்ன வித்தியாசத்தைக் கவனிக்காத மருந்து என்ன செய்யும் என்பதற்கு ஃபென்ஃப்ளூரமின் உதாரணம். எடை குறைக்கக் கொடுக்கப்பட்ட அந்த மருந்து உடலில் சிதைந்து உருவாகும் பொருள், இதய வால்வுகளில் இருக்கும் 2பி ஏற்பியைத் தூண்டியது. வால்வுகள் தடித்துப் பழுதாயின, 1997இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து அது திரும்பப் பெறப்பட்டது. புதிய மருந்துகள் 2பி-யைத் தொடுகின்றனவா என்று ஆரம்பத்திலேயே சோதிக்கும் பழக்கம் அதற்குப் பிறகு வேரூன்றியது. 'செரட்டோனின் மருந்து' என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து, தாமதம் ஏன்? செர்ட்ரலின் எந்த ஏற்பியிலும் நேரடியாக உட்கார்ந்து வேலை செய்வதில்லை. வெளியான செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் கடத்திப் புரதத்தை அது அடைக்கிறது, அதுவும் முதல் நாளிலேயே. ஆனால் மூளைத்தண்டில் செரட்டோனினை உற்பத்தி செய்யும் நரம்பணுக்களின் மேலேயே 1ஏ ஏற்பிகள் இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வு மாதிரிதான் இவை: சுற்றிலும் செரட்டோனின் உயர்ந்தால் பொட்டாசியக் கால்வாய்களைத் திறந்துவிடும், நரம்பணு அடங்கும், வெளியீடு குறையும். முதல் நாட்களில் மாத்திரை கூட்டப் பார்ப்பதை இந்த ஏற்பிகள் இழுத்துப் பிடிக்கின்றன.

வாரக்கணக்கில் தூண்டுதல் தொடரும்போது இந்த 1ஏ ஏற்பிகள் மந்தமாகின்றன. ஜி புரதத்தோடு இருந்த பிணைப்பு தளர்கிறது, தடை விலகுகிறது, நரம்பணுக்கள் பழைய வேகத்துக்குத் திரும்புகின்றன. இதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. பிண்டலால் என்ற மருந்தால் 1ஏ-யை அடைத்துப் பலனை விரைவாக்கப் பார்த்தார்கள், முடிவுகள் சீராக அமையவில்லை. மரபணுக்களின் இயக்கம் மாறுவது, நரம்பிணைப்புகள் புதுப்பிக்கப்படுவது போன்ற மெதுவான வேலைகளுக்கும் பங்கு உண்டு என்பதே இன்றைய புரிதல். ஆரம்பத்தில் பதற்றம் ஏறுவதற்கு 2சி ஏற்பியைக் கைகாட்டுகின்றன விலங்குச் சோதனைகள். எப்படியானாலும், நான்கு முதல் ஆறு வாரம் ஆவதற்குள் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட முடியாது.

மூன்றையும் சேர்த்துச் சாப்பிடுவதில் ஆபத்து உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். செரட்டோனினின் வேலை அளவுமீறிப் போகும் ஆபத்தான நிலையைச் செரட்டோனின் நச்சுநிலை என்பார்கள்; அது பெரும்பாலும் 2ஏ ஏற்பியின் மிகைத் தூண்டுதலால் வருவது. சுமட்ரிப்டானுக்கு 2ஏ-யில் குறிப்பிடத்தக்க பிடிப்பு இல்லை. செர்ட்ரலினோடு அதைச் சேர்ப்பது பற்றி 2006இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது உண்மைதான். ஆனால் நடைமுறையில் இந்தக் கூட்டணியால் சிக்கல் வருவது மிக அரிது. நான் அதிகம் பயப்படுவது டிரமடால் வலி மாத்திரை, லினிசோலிட் என்ற ஆன்டிபயாடிக், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றுக்குத்தான். வேறு டாக்டரிடம் போனாலும் செர்ட்ரலின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். நடுக்கம், கால் தானாகத் துடிப்பது, வியர்வை, காய்ச்சல், குழப்பம் எல்லாம் சில மணி நேரத்துக்குள் சேர்ந்து வந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். ஆன்டன்செட்ரான் இதயத் துடிப்பின் மின்லயத்தைச் சற்று நீட்டக்கூடியது. உங்களுக்கோ குடும்பத்திலோ துடிப்புக் கோளாறு இருந்தால் அதையும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அப்புறம் அந்த ரத்தப் பரிசோதனை. அதற்குச் செலவழிக்க வேண்டாம். உடலின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் உருவாவது. ரத்தத்தில் இருப்பதும் அங்கிருந்து வந்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குள் சேமிக்கப்பட்டதுதான். அது மூளைக்குள் நுழைவதில்லை, மூளையில் உள்ளதை அது காட்டுவதும் இல்லை. போதாக்குறைக்கு, தட்டணுக்கள் செரட்டோனினை உறிஞ்சுவதும் அதே கடத்திப் புரதத்தால்தான். அதை செர்ட்ரலின் அடைத்துவிடுவதால், மாத்திரை சரியாக வேலை செய்யும்போது ரத்தப் பரிசோதனையில் அளவு குறைந்துதான் தெரியும்.