பிரேமைக் கழற்றிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: அம்மா, தற்கால ஓவியர் ஒருவரின் வண்ணத்துப்பூச்சி எட்சிங் (அமிலத்தால் அரித்த செப்புத் தகட்டிலிருந்து எடுக்கும் அச்சுப்படம்) வாங்க விரும்புகிறேன். 41/75 என்று பென்சிலில் எண்ணிட்ட படி ரூ.18,000, 3/75 வேண்டுமென்றால் ஐயாயிரம் கூடுதல் என்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகர், லாசுப்பேட்டை

பதில்: கொடுக்க வேண்டாம். 75 என்பது பதிப்பின் மொத்தப் படிகள், 3 என்பது அந்தத் தாளின் எண். தாள்கள் காய்ந்த பிறகு அடுக்கி வைத்துக் கையெழுத்திடும்போதுதான் பெரும்பாலும் எண்ணும் இடப்படுகிறது. ஆகவே அது மூன்றாவதாக அச்சானது என்று கொள்வதற்கில்லை. ஊசியால் தகட்டை நேரடியாகக் கீறும் டிரைபாயிண்டில், கீறலின் ஓரத்துப் பிசிறு சில படிகளிலேயே நசுங்கிவிடுவதால் முதல் படிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. எட்சிங்கில் அமிலம் அரித்த கோடு செம்புக்குள் இறங்கியிருப்பதால் அவ்வளவு விரைவில் தேயாது. கேட்க வேண்டியது வேறு: ஏ.பி. என்று குறிக்கப்படும் கலைஞர் படிகள் இந்த 75-இல் சேராதவை; அவை எத்தனை என்பதை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் ‘லிமிடெட் எடிஷன் எட்சிங்’ என்று பலகை வைத்திருந்த கடையில், கண்ணாடி பிரேம் போட்ட வண்ணத்துப்பூச்சிப் படத்தை ரூ.14,000-க்கு வாங்கினேன். மகளின் லென்ஸில் பார்த்தால் படம் முழுக்கப் புள்ளிகள். கேட்டதற்கு, ‘பில்லில் ஆர்ட் பிரிண்ட் என்றுதானே இருக்கிறது’ என்கிறார்கள். – வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. இதே ஏமாற்றத்தை நானும் அனுபவித்திருக்கிறேன். 2009-இல் நீலச் சிறகு கொண்ட ஒரு படத்தை, பிரேமின் முதுகுப்புறம் ஒட்டி மூடியிருந்த நிலையிலேயே நம்பி வாங்கி வந்தேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது சுவர் நனைந்து, படத்தின் பின்னட்டை ஊறிவிட்டது. காப்பாற்றலாம் என்று பிரேமைப் பிரித்தேன்; படத்தைச் சுற்றிச் சட்டம்போல வைக்கும் மவுண்ட் அட்டையின் சாளரத்துக்குச் சரியாகத் தாள் வெட்டப்பட்டிருந்தது; எட்சிங்குக்கு இருக்க வேண்டிய ஓரங்களே இல்லை. நான் ஓவியரின் கையெழுத்து என்று நினைத்திருந்ததும் படத்தோடு சேர்ந்து அச்சானது. புகார் கொடுப்பதற்கான இரண்டு ஆண்டுக் கெடு அதற்குள் முடிந்திருந்தது.

எட்சிங் என்பது எப்படி உருவாகிறது என்று தெரிந்தவரை இப்படி ஏமாற்ற முடியாது. செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியால் அதில் வரைந்து, அமிலத்தில் இடுகிறார்கள். அரித்த கோடுகளில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து அழுத்த உருளைகளுக்கு இடையே செலுத்துகிறார்கள். அந்த அழுத்தத்தில் தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிகிறது. மை கோடுகோடாக எழும்பி நிற்கிறது. சாய்ந்த வெளிச்சத்தில் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். லென்ஸில் கோடு கோடாகவே இருக்க வேண்டும். பல வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திர நகல். நகலை நகல் என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தையும் தாளின் ஓரங்களையும் மவுண்ட் அட்டைக்குள் மறைத்து, முதுகை ஒட்டி மூடி, ‘பிரித்தால் பிரேம் கெட்டுவிடும்’ என்று சொல்லி விற்பதை நான் கடைக்குக் கடை பார்த்துவருகிறேன். கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் எவரும் வாங்கக் கூடாது.

பலகையின் புகைப்படம், பில், பணம் செலுத்திய சான்று ஆகியவற்றை வைத்துக் கடைக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். பணம் திரும்பாவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை புதுச்சேரியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற உதவி எண்ணில் வழிகாட்டுவார்கள். என்னைப் போலத் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் கையெழுத்திட்ட வண்ணத்துப்பூச்சி எட்சிங் ரூ.6,500 என்றார்கள். ஜிபே செய்தேன். பில் இல்லை, இப்போது அந்தக் கணக்கும் இல்லை. – வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: ஹர்ஸ்ட் 1991-இல் லண்டனில் உயிருள்ள வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டே கண்காட்சி வைத்தவர், உலகச் சந்தையில் விலைபோகும் அவருடைய கையெழுத்திட்ட அச்சு இந்த விலைக்குக் கிடைக்காது. போலி ஹர்ஸ்ட் அச்சுகளை விற்றவர் நியூயார்க்கில் தண்டனையே பெற்றிருக்கிறார். விற்பவரின் பெயரும் முகவரியும் கேட்காமல் பணம் அனுப்பியது பெரிய கவனக்குறைவு. எனக்கு எழுதுவதற்கு முன்பே இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைத்திருக்க வேண்டும். இன்றே அழையுங்கள், வங்கியிலும் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: ஒரே எட்சிங்கில் ஆறு படிகள் வாங்கி, விலை ஏறியதும் விற்க நினைத்தேன். ஏறவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? – வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: முடியாது, மறுவிற்பனைக்காக வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் வீடு. எட்சிங் தாளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. துடைக்கலாமா? – வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: துடைக்காதீர்கள், தாளின் இழை பிய்ந்துவிடும். ஈரக்காற்றும் பின்னட்டையின் அமிலமும்தான் பெரும்பாலும் காரணம். அமிலமற்ற அட்டைக்கு மாற்றி, கண்ணாடி தாளைத் தொடாதபடி மவுண்ட் வைத்து, வெயில் படாத உட்சுவரில் சற்று இடைவெளி விட்டு மாட்டுங்கள். ஓரங்களை வெட்டச் சொல்லும் பிரேம்காரரிடம் கொடுக்காதீர்கள்.