ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: ‘ஆயுள் முழுக்க ஆயில் மாற்றத் தேவையில்லை’ என்று என் கார் கையேட்டில் இருக்கிறது. பிறகு ஏன் மாற்றச் சொல்கிறீர்கள் அண்ணா?

சூட்டில் எந்த ஆயிலும் கெடும், தம்பி. கிளட்ச் தகடுகள் தேயும் துகளும் அதில்தான் சேர்கிறது. பல கார் கம்பெனிகளுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் இசட்.எஃப். நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. மலைப்பாதை, நெரிசல், பாரம் இழுப்பது என்று ஓடும் வண்டிக்கு நான் 60,000-லேயே மாற்றிவிடுவேன்.

கேள்வி: என் வண்டி 1,60,000 ஓடிவிட்டது, ஒருமுறைகூட மாற்றவில்லை. இப்போது மாற்றினால் கியர்பாக்ஸே போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

இந்தப் பயம் எப்படி வந்தது என்றால், பலர் கியர் வழுக்க (இன்ஜின் உறுமினாலும் வண்டி இழுக்காமல் போக) ஆரம்பித்த பிறகுதான் ஆயிலை மாற்றுகிறார்கள். தேய்ந்துபோன கிளட்ச் அடுத்த மாதம் கைவிட்டால், பழி புது ஆயில்மேல் விழுகிறது. உங்கள் வண்டியில் கியர் ஒழுங்காக விழுகிறதா? அப்படியானால் தைரியமாக மாற்றுங்கள். ஆனால் மெஷின் வைத்து அழுத்தம் கொடுத்துக் கழுவ வேண்டாம். தானாக வடிய விட்டு, வடிந்த அளவு ஊற்றினால் போதும்.

முதலில் ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ தாளில் விட்டுப் பாருங்கள். பழுப்பாகப் பரவினால் வயதான ஆயில், அவ்வளவுதான். நடுவில் கறுப்பாகத் தங்கி, கருகிய வாடையும் அடித்து, கியரும் வழுக்கினால் ஆயில் மாற்றிப் பயனில்லை. கியர்பாக்ஸைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: மொத்தம் 8 லிட்டர் என்று போட்டிருக்கிறது. ஆயில் வடிக்கும் அடி போல்ட்டைக் கழற்றினால் 4 லிட்டர்தான் வந்தது. மீதி எங்கே?

இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும், ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் குழாய்களிலும் நிற்கிறது. அது வடியாது. உங்கள் கணக்கில் ஒருமுறை மாற்றினால் பாதி புதுசு. கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி மாற்றினால் முக்கால்வாசி, மூன்றாவது முறையில் ஏறக்குறைய 87 சதவீதம்.

கேள்வி: நானே செய்யலாம் என்று நினைக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதலில் ஆயில் ஊற்றும் வாய் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அது இறுகி வராமல் போய், அதற்குள் கீழே வடித்திருந்தால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது, நான்கு பக்கமும் ஸ்டாண்ட் கொடுங்கள். ஆயில் மட்டம் பார்க்க வண்டி சமமாக நின்றாக வேண்டும். வடிந்ததை அளவு போட்ட பாத்திரத்தில் பிடித்து, அதே அளவு புது ஆயில் ஊற்றுங்கள். போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள்.

அப்புறம் மட்டம் பார்ப்பது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். சூடேறினால் ஆயில் விரியும். அதனால் கையேடு சொன்ன வெப்பநிலையில் பார்த்தால்தான் அளவு சரியாக வரும். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இல்லாத பல வண்டிகளில் அது 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்க்கும் ஓபிடி ஸ்கேனரில் தெரியும். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிறுத்திப் பார்க்கிங்குக்குக் கொண்டுவாருங்கள். சரியான சூடு வந்ததும் மட்டம் பார்க்கும் போல்ட்டைத் திறந்தால், மிகுதி ஆயில் நூல்போல ஒழுகும். அந்த நூல் அறுந்து சொட்டுச் சொட்டாக விழும்போது மூடுங்கள். எதுவுமே வராவிட்டால் அளவு குறைவு, இன்னும் ஊற்ற வேண்டும். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், கூடினால் நுரை கட்டும். டிப்ஸ்டிக் உள்ள வண்டிகளிலும் பெரும்பாலும் இன்ஜின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். பல ஹோண்டா வண்டிகளில் மட்டும் அணைத்த உடனே பார்ப்பது முறை.

கேள்வி: கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டைக் கழற்றினேன், அதிலிருக்கும் காந்தத்தில் கறுப்பாக மை மாதிரி அப்பியிருக்கிறது. பயமாக இருக்கிறது.

விரலில் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் சாதாரணத் தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டுங்கள். விரலில் குத்துகிற சில்லுகள் இருந்தால்தான் கவலை.

கேள்வி: சிவப்பாக இருக்கும் எந்த ஆயிலும் ஊற்றலாமா?

கூடாது. சிவப்பு வெறும் சாயம்தான். கையேட்டில் உள்ள குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். பெல்ட்டில் ஓடும் சிவிடி கியர்பாக்ஸுக்கும், இரண்டு கிளட்ச் மாறிமாறி வேலை செய்யும் இரட்டைக் கிளட்ச் பெட்டிக்கும் தனித்தனி ஆயில். சிவிடியில் பெல்ட்டும் புல்லியும் வழுக்காமல் பிடிப்பதே அந்த ஆயிலின் வேலை, அதில் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை (ஏடிஎஃப்) ஊற்றினால் பெட்டி பாழாகும். ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் கருவியே மாற்றும் வகை) என்றால் உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான், அதற்குரிய கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும்.

கேள்வி: ஆயில் ரோஜா நிறத்தில் பால் கலந்ததுபோல் இருக்கிறது சார்.

தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், கயிறு கட்டி இழுக்காமல் லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். கிளட்ச் தகடுகளின் பசை தண்ணீரில் விட்டுவிடும், எத்தனை சீக்கிரம் நிறுத்துகிறீர்களோ அத்தனை நல்லது.