மெய்நிகர் கணினி என்றால் என்ன? வீட்டுக் கணினியை அது வைரஸிலிருந்து காக்குமா?

உங்கள் கணினிக்குள் ஒரு மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிதான் மெய்நிகர் கணினி. அதற்கெனத் தனி விண்டோஸோ லினக்ஸோ இருக்கும். அதன் ஹார்ட் டிஸ்க் என்பது உங்கள் டிஸ்க்கில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான். உள்ளே ஓடும் வைரஸுக்கு அந்தக் கோப்பே உலகம். வெளியே உங்கள் குடும்பப் படங்கள் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது.

திருமங்கலம் சந்தையில் வாங்கிய ஆட்டை விவரம் தெரிந்தவர் அன்றே பட்டியில் விடமாட்டார். சளி, கழிச்சல் இருக்கிறதா என்று சில நாள் தனியே கட்டிப் பார்ப்பார். ஆனால் தண்ணீர்த் தொட்டி பொதுவாக இருந்தால் தனியே கட்டி என்ன பயன்? இரண்டு கணினிக்கும் பொதுவாக வைக்கும் கோப்புறைதான் இங்கே அந்தத் தொட்டி. அதையும், உள்கணினியின் இணைய இணைப்பையும் துண்டித்த பிறகே சந்தேகப் பொருளைத் திறக்க வேண்டும்.

மாசி வீதி ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவில் கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கிறதா? அதைச் சொடுக்காமல், மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருளான வெர்ச்சுவல்பாக்ஸின் யுஎஸ்பி பட்டியல் வழியாக உள்கணினிக்குத் திருப்பிவிடுங்கள். உள்கணினியின் அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டை முன்கூட்டியே எடுத்திருந்தால், அதற்குள் எது கெட்டாலும் நொடியில் பழைய நிலைக்குத் திரும்பலாம். வெர்ச்சுவல்பாக்ஸ் இலவசம், ஆனால் 4 ஜிபி ராம் உள்ள கணினியில் முயல்வது வீண் வேலை.

இரண்டு கணினிக்கும் இடையே உள்ள தடுப்புச் சுவரிலும் ஓட்டை விழும். உள்ளிருந்து வெளிக் கணினிக்குத் தாவ வழிவிட்ட, 2015இல் வெளியான 'வெனம்' என்ற பாதுகாப்புக் குறை அப்படிப்பட்டதுதான். அதனால் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

மெய்நிகர் கணினியை நிறுவினாலே முழுக் கணினிக்கும் காப்பு என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே உங்கள் வழக்கமான விண்டோஸில் திறக்கும் கோப்பை அது தடுக்கவே தடுக்காது.