பழைய உலைக்கு டிஜிட்டல் கண்ட்ரோலர்

கேள்வி: என்னிடம் 230 வோல்ட்டில் இயங்கும் 3 கிலோவாட் மின் உலை ஒன்று இருக்கிறது. வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் மட்டுமே உண்டு. ஒரே அளவில் வைத்தாலும் நான் பதப்படுத்தும் உளிகள் ஒரு முறை நன்றாக வருகின்றன, மறுமுறை விரிசல் விடுகின்றன. டிஜிட்டல் கண்ட்ரோலர் பொருத்தினால் இது தீருமா?

பதில்: பெரும்பாலும் தீரும். இத்தகைய குமிழ் வெப்பத்தை அளப்பதே இல்லை. மின்சாரம் எவ்வளவு நேரம் பாய வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. மின்னழுத்தம் மாறினாலோ, உள்ளே வைக்கும் இரும்பின் எடை மாறினாலோ உலையின் வெப்பமும் மாறிவிடும். எண்ணெயில் குளிர்விக்கும் ஓ-1 வகைக் கருவி எஃகுக்கு 790 முதல் 815 டிகிரி செல்சியஸ் வரைதான் உகந்தது. அதைத் தாண்டிச் சூடேறினால் எஃகின் உள்ளே உள்ள நுண்மணிகள் பருத்து, குளிர்விக்கும்போது விரிசல் விடும் வாய்ப்பு கூடுகிறது.

பி.ஐ.டி. கண்ட்ரோலர் (வெப்பத்தைப் பார்த்து மின்சாரத்தைத் தானே கூட்டிக் குறைப்பது), கே வகை தெர்மோகப்பிள் (வெப்பத்தை உணரும் இரட்டை உலோகக் கம்பி), எஸ்.எஸ்.ஆர். (கண்ட்ரோலர் சொல்கிறபடி மின்சாரத்தை விட்டு நிறுத்தும் மின்னணு ஸ்விட்ச்), கான்டாக்டர் (மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் காந்த ஸ்விட்ச்) ஆகியவை தேவை. கண்ட்ரோலர் வாங்கும்போது எஸ்.எஸ்.ஆரை இயக்கும் வெளியீடு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் உலை சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். 40 ஆம்பியர் எஸ்.எஸ்.ஆர். போதும். ஆனால் அதுவே 15 வாட் அளவுக்குச் சூட்டை வெளிவிடும் என்பதால், வெப்பம் கடத்தும் பசை தடவி, சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்க்கின் மீது பொருத்தியே ஆக வேண்டும்.

கண்ட்ரோலரின் விலையைவிட, தெர்மோகப்பிளின் முனை எங்கே நிற்கிறது என்பதே முக்கியம் என்று நான் கருதுகிறேன். அது உலையைச் சூடேற்றும் சுருள் கம்பியைத் தொடாமல், உளி கிடக்கும் இடத்தின் அருகில் இருக்க வேண்டும். பழைய உலைகளின் உட்பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்; அதைச் சோதித்து அறியாமல் தெர்மோகப்பிளுக்காகத் துளை போடாதீர்கள். தெர்மோகப்பிளிலிருந்து கண்ட்ரோலர் வரை சாதாரண செம்புக் கம்பியை இழுக்காமல், கே வகை தெர்மோகப்பிளுக்கென்றே விற்கும் ஈடுசெய் கம்பியையே பயன்படுத்துங்கள். உலையருகே உள்ள இணைப்பு 60 டிகிரியிலும் கண்ட்ரோலர் 30 டிகிரியிலும் இருந்தால், செம்புக் கம்பியில் கண்ட்ரோலர் ஏறத்தாழ 30 டிகிரி குறைத்துக் காட்டும். உளியோ அந்த அளவுக்கு அதிகமாக வெந்துகொண்டிருக்கும்.

தெர்மோகப்பிளின் நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றி இணைத்துவிட்டால், உலை சூடேற ஏற எண் இறங்கும். குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து கண்ட்ரோலர் முழு மின்சாரத்தையும் செலுத்திக்கொண்டே இருக்கும். அமெரிக்க முறையில் சிவப்புக் கம்பிதான் எதிர்முனை என்பதால் நிறத்தை நம்பி ஏமாறுபவர் பலர். ஒரு சிறு காந்தத்தை இரு கம்பிகளின் மீதும் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டும் கம்பியே (அலுமெல் என்ற கலப்பு உலோகம்) எதிர்முனை. பிறகு உலைக்கு மின்சாரம் கொடுக்கும் முன், லைட்டர் சுடரைத் தெர்மோகப்பிளின் உணர்முனையில் சில விநாடிகள் காட்டுங்கள். எண் ஏற வேண்டும்.

எஸ்.எஸ்.ஆர். பழுதாகும்போது பெரும்பாலும் மின்சாரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டபடியே பழுதாகும். எனவே தனித் தெர்மோகப்பிளுடன் இரண்டாவது உச்சவரம்புக் கண்ட்ரோலர் ஒன்றை வைத்து, வரம்பு மீறினால் கான்டாக்டர் மின்சாரத்தைத் துண்டிக்குமாறு அமையுங்கள். ஆளில்லாமல் உலை ஓடும் நேரம் இருந்தால், இதைத் தவிர்க்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அணைந்த நிலையிலும் எஸ்.எஸ்.ஆர். வழியே சிறிது மின்சாரம் கசியும்; ஆகவே கதவைத் திறந்தாலும் அதே கான்டாக்டர் துண்டிக்க வேண்டும். உலையின் உலோக உடலுக்கு எர்த் இணைப்பு அவசியம். பழக்கமான மின்பணியாளர் உடனிருக்கட்டும்.

இணைத்து முடித்ததும் 800 டிகிரி அளவில் வைத்து, வழக்கமான எடையுள்ள இரும்பை உள்ளே வைத்தே ஆட்டோ ட்யூன் (கண்ட்ரோலர் உலைக்கேற்பத் தன் அளவுகளைத் தானே அமைத்துக்கொள்ளும் வசதி) செய்யுங்கள். வெறும் உலையில் செய்தால் அளவுகள் பொருந்தாமல் போகலாம். காட்டும் எண் சரியா என்று அறிய, சுத்தமான உப்பைச் சிறு பீங்கான் கிண்ணத்தில் சிட்டிகையளவு எடுத்து, உளி இருக்கும் இடத்தில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். அது உருகுவது 801 டிகிரியில். ஒரு முறை பார்த்ததும் உடனே வெளியே எடுத்துவிடுங்கள், உப்பின் ஆவி சுருள் கம்பியை அரிக்கும்.