வாசகர் கேள்வி – பதில்: ஊருக்கு ஊர் மாறும் வானச் செய்தி

கேள்வி: சென்னையில் இருக்கும் என் மகன், சர்வதேச விண்வெளி நிலையம் வானில் கடக்கும் நேரத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பினான். "மாலை 6.52, தெரியும் நேரம் 5 நிமிடம், அதிகபட்ச உயரம் 88 டிகிரி, தோன்றும் திசை வடமேற்கு, மறையும் திசை தென்கிழக்கு" என்று அதில் இருந்தது. மாடியில் நின்று உச்சி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. இந்த இலவசச் சேவையை நம்பலாமா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: நம்பலாம். செய்தியில் பிழை இல்லை. அது சென்னைக்காகக் கணக்கிடப்பட்ட செய்தி, அவ்வளவுதான். நிலையம் தரையிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. சென்னைக்கும் உங்கள் ஊருக்கும் நேர்க்கோட்டில் 620 கிலோமீட்டர் இருப்பதால், அங்கே உச்சந்தலைக்கு மேல் போகும் நிலையம் உங்களுக்கு வடகிழக்கு வானில் சுமார் 30 டிகிரி உயரத்திலேயே தெரியும். கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டியாகப் பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அடிவானத்திலிருந்து மூன்று முட்டி அடுக்கிய உயரத்தில், மின்னாமல் சீராக நகரும் ஒளிப்புள்ளியாக அது உங்களைக் கடந்து போயிருக்கும்.

நாசா இந்த அறிவிப்புச் சேவையை 2012 நவம்பர் 2 அன்று, நிலையத்தில் மனிதர்கள் தொடர்ந்து வசிக்கத் தொடங்கி 12 ஆண்டுகள் நிறைந்த நாளில் தொடங்கியது. மின்னஞ்சலாகவும் குறுஞ்செய்தியாகவும் வந்த அந்த அறிவிப்பு, பின்னர் கைபேசிச் செயலியாகவும் வந்துவிட்டது. குறைந்தது 40 டிகிரி உயரம் எட்டும் கடப்புகளுக்கு மட்டுமே அது செய்தி அனுப்பியது. ஆகவே நாகர்கோவிலைப் பதிந்திருந்தால் அன்று மாலை உங்களுக்குச் செய்தியே வந்திருக்காது. ஆனால் நிலையம் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் செல்லும் நாளில் அதன் பாதை இரண்டு ஊர்களையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் தொட்டுச் செல்லக்கூடும். அப்படி ஒரு நாள் வாய்த்தால், நீங்கள் தலைக்கு மேல் பார்த்த ஒளியை ஒன்றரை நிமிடம் கழித்து உங்கள் மகன் தன் தலைக்கு மேல் பார்ப்பார். அந்த நேரத்தில் இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டே பாருங்கள். இதைவிட நல்ல வானியல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

மறையும் உயரம் 40, 50 டிகிரி என்று செய்தி சொன்னால் குழம்ப வேண்டாம். நிலையத்துக்குச் சொந்த ஒளி இல்லை. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் நடுவானிலேயே அணைந்துவிடும்.

கேள்வி: விண்வெளி நிலையம் கடக்கும் செய்திகளை மாணவர்களின் பெற்றோருக்குத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்புகிறேன். ஆங்கிலத்தில் ஒன்றாகப் போவது தமிழில் இரண்டு மூன்றாக உடைகிறதே? – ஆசிரியர், திருச்செங்கோடு

பதில்: ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துகள் அதில் 160 அடங்கும். ஒருங்குறித் (யூனிகோடு) தமிழுக்கு 70 குறிகள்தான். உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், நம் கண்ணுக்கு ஐந்தெழுத்தான "தென்மேற்கு" என்ற சொல் பத்துக் குறிகளை எடுத்துக்கொள்கிறது. அதற்காக ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடாதீர்கள். நாள், நேரம், திசை, உயரம் ஆகிய நான்கை மட்டும் வைத்து, வாழ்த்தையும் விளக்கத்தையும் வகுப்பறைக்கு ஒதுக்கிவிடுங்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே வானியலாளர்கள் புதிய வால்மீன்களின் இருப்பிடத்தைத் தந்தியில் குறியீடுகளாகச் சுருக்கி அனுப்பினார்கள். சுருக்கம் இத்துறைக்குப் பழக்கமானதுதான்.

கேள்வி: ஆகஸ்ட் மாதத்தில் செவ்வாய் நிலவளவு பெரிதாகத் தெரியும் என்று ஆண்டுதோறும் வரும் செய்தி உண்மையா? – வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் சுமார் 5.6 கோடி கிலோமீட்டர் தொலைவுக்கு நெருங்கி வந்தது. 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு முழுநிலவு தெரியும் அளவில் அது தெரியும் என்பதே முதலில் எழுதப்பட்ட தகவல். கைமாறிக் கைமாறித் தொலைநோக்கி உதிர்ந்துவிட்டது, ஆண்டும் உதிர்ந்துவிட்டது. மிஞ்சிய பாதி வாக்கியம்தான் இன்றும் உங்கள் கைபேசிக்கு வருகிறது.