இசைக் கேள்வி பதில்: மொட்டை மாடிப் பாட்டு

கேள்வி: ‘அப் ஆன் த ரூஃப்’ நியூயார்க் பாட்டு என்கிறார்கள். வரிகளில் ஊர்ப் பெயரே இல்லையே?
(திருச்சி வாசகர்)

பதில்: எழுதிய ஜெரி காஃபினும் மெட்டமைத்த கரோல் கிங்கும் நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவர்கள், அப்போது கணவன் மனைவி. காரில் போகும்போது கரோலுக்கு மெட்டு பிடிபட்டது. ‘என் ரகசிய இடம்’ என்று தலைப்பு வைக்கலாம் என்றார். அந்த இடத்தை மொட்டை மாடியாக்கியவர் காஃபின். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ படத்தின் மாடிக் காட்சிகள் அவர் மனதில் இருந்தன. பாட்டின் உயிரே அந்த மாற்றம்தான். நிம்மதி தேடி ஊரைவிட்டு ஓட வேண்டாம், படியேறினால் போதும். 1962இல் டிரிஃப்டர்ஸ் குழுவுக்காக ரூடி லூயிஸ் பாடினார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசையில் 5ஆம் இடம்.

கேள்வி: கிட்டாரில் வாசிக்கிறேன். கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) சரி, ஆனாலும் பாட்டு தட்டையாக இருக்கிறது. ஏன்?
(கோவை வாசகர்)

பதில்: சி மேஜரில் எளிய வடிவம் இது: முதல் வரிகளுக்கு சி, ஏ மைனர், எஃப், ஜி, மறுபடி சி. மாடியின் அமைதியைச் சொல்லும் இடத்தில் மெட்டு எஃப்-இல் தொடங்குகிறது. அந்த வரி முழுக்க எஃப்-லேயே நில்லுங்கள். பிறகுதான் சி, ஏ மைனர், டி மைனர், ஜி. பலர் பொறுமையில்லாமல் பாதி வரியிலேயே சி-க்குத் தாவிவிடுகிறார்கள். மேலே வந்து நின்ற உணர்வு அங்கேயே போய்விடுகிறது. முதல் வரிகளில் தந்திகளை மெல்ல வருடி (ஸ்டிரம்), எஃப் வரும்போது ஆறு தந்திகளையும் முழுதாக ஒலிக்க விடுங்கள்.

எஃப் பார் கார்டு (ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்தும் பிடிப்பு) இரைந்தால், பெரும்பாலும் ஆள்காட்டி விரல் ஃபிரெட் கம்பியை (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) விட்டுத் தள்ளியிருக்கிறது என்று பொருள். கம்பியை ஒட்டி வைத்து, விரலை லேசாகப் பக்கவாட்டில் சாய்த்து அழுத்துங்கள். சுருதி தாழ்வாகத் தோன்றினால் 2ஆம் ஃபிரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள், டி மேஜர் கிடைக்கும். விரல் பிடிப்பு மாறாது.

கேள்வி: எந்தப் பதிவை முதலில் கேட்கலாம்?
(யாழ்ப்பாண வாசகர்)

பதில்: டிரிஃப்டர்ஸ். அடுத்து கரோல் கிங் தாமே பாடிய 1970ஆம் ஆண்டின் ‘ரைட்டர்’ ஆல்பம். அதில் கிட்டார் வாசித்தவர்களில் ஜேம்ஸ் டெய்லரும் உண்டு. அவர் 1979இல் ‘ஃபிளாக்’ ஆல்பத்தில் பாடியதை, விரலால் மீட்டப் பழகுவோர் அவசியம் கேட்க வேண்டும்.